கயிறுகளெல்லாம் பூசையில் இருந்த சாயங்காலம்

கயிறு இழுப்புப் போட்டியில் என்னை எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துப் போனபோது என் வேட்டி மட்டும் எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்ட கதையை எங்கள் தெருவில் இன்றைக்கும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் மறுக்கவில்லை. உள்ளே நல்ல கனத்த பட்டாப்பட்டி டிராயர் போட்டிருந்தேன் என்பதை மட்டும் எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தைப் பதிவு செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் டிராயரைப் பற்றி மட்டும் எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் அதற்கு அடுத்த வருஷம் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அது நாங்கள் ஜெயித்த வருஷம்.

போடிநாயக்கனூரில் எங்கள் தெரு மலையைப் பார்த்து மெல்ல ஏறிக்கொண்டே போகும். மேல்கோடியில் ஜீப்புக்காரர்கள். விடியுமுன்னே தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையுச்சி மெட்டுக்கு மேலே போய், பொழுது சாயும்போது ஆட்களோடு ஏலக்காய் லோடும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர்கள். கீழ்க்கோடியில் நாங்கள், ஏலக்காய்க் கிடங்கில் வேலை பார்க்கிற கிட்டங்கிக்காரர்கள். மேலேயிருந்து வந்த காயைச் சலித்து, பொறுக்கி, தரம் பிரித்து, மூட்டை போடுகிறவர்கள். நான் மூட்டை தைத்து, அதன்மேல் மையால் அடையாளம் எழுதுகிற வேலையில் இருந்தேன். என் எழுத்து வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. அப்போது நான் எழுதியதையெல்லாம் வடநாடு வரைக்கும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எழுதிய எதுவும் அவ்வளவு தூரம் போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில், புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிற அந்தப் பருவத்தில், ஆயுத பூசையை ஒட்டி எங்கள் தெருவில் ஒரு சினிமா போடுவார்கள். வியாபாரிகள் சேர்ந்து கொடுக்கிற காசில் மதுரையிலிருந்து ஒரு ஆபரேட்டர் புரொஜெக்டரோடும் படப்பெட்டியோடும் வந்து இறங்குவார். தெருவின் நடுமத்தியில் எதிரும் புதிருமாக இரண்டு கரண்டுக் கம்பங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே வெள்ளைத் திரையைக் குறுக்கே கட்டிவிட்டால் தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். புரொஜெக்டர் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் படம் நேராகத் தெரியும். மற்றப் பக்கத்துக்காரர்கள் திரையின் முதுகைப் பார்த்து உட்கார வேண்டும். துணி மெல்லியது என்பதால் படம் அங்கேயும் தெரியும், ஆனால் எல்லாம் மாறித் தெரியும். எழுத்துக்கள் திரும்பி நிற்கும். எல்லோரும் இடது கையால் குத்துவார்கள். பஸ்சு எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கமாகப் போகும்.

புரொஜெக்டர் எந்தப் பக்கம் நிற்பது என்பதைத்தான் கயிறு இழுத்து முடிவு செய்வோம். மேல்கோடிக்கும் கீழ்க்கோடிக்கும் போட்டி. ஜெயித்த பக்கத்துக்குப் படத்தின் முகம், தோற்ற பக்கத்துக்கு முதுகு. தோற்றவர்கள் எழுந்து திரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. சிறுசுகள் போகத்தான் செய்தார்கள். ஆனால் மீசை முளைத்தவன் போனால் வரவேற்பு பலமாக இருக்கும்.

"வாங்க வாங்க. கிட்டங்கிக்காரவுகளுக்கு எடம் விடுங்கப்பா. இழுத்துக் களைச்சுப் போயி வந்திருக்காக."

இதைக் கேட்பதற்கு, படத்தை முதுகுப் பக்கமே பார்த்துவிடலாம்.

எனக்கு நினைவு தெரிந்து அதுவரை கீழ்க்கோடி ஜெயித்ததே இல்லை. அவர்கள் சேற்றில் புதைந்த ஜீப்பைத் தோளால் நெம்பித் தூக்குகிறவர்கள். நாங்கள் ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவர்கள். போதாக்குறைக்கு எங்கள் அணியின் கடைசி ஆள் நான். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரம்போல நிற்க வேண்டியவன். ஒருநாள் கிட்டங்கித் தராசில் விளையாட்டாக ஏறி நின்றேன். எதிர்த்தட்டில் இருந்த ஏலக்காய் மூட்டை அசையவே இல்லை. அப்படிப்பட்ட நங்கூரம். பிறகு ஏன் என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள் என்றால், இடுப்பில் அவிழாத முடிச்சுப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முடிச்சு அவிழவே இல்லை. வேட்டிதான் அவிழ்ந்தது.

மேல்கோடி அணித் தலைவர் வேறு யாருமில்லை, என் மச்சான். என் மனைவியின் அண்ணன். ஜீப்பு ஓட்டுகிறவர். கல்யாணம் ஆகவில்லை, மேல்கோடியில் ஜீப்பு ஷெட்டுக்கு மேலே இரும்பு ஏணி வைத்த ஒற்றை அறையில் இருந்தார். அந்த ஏணியால்தான் அவரைப் பெற்ற தாய் எங்கள் வீட்டில் இருந்தாள். என் மாமியார். என் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவளும்கூட, அதனால் எனக்கு எப்போதும் அத்தைதான்.

அத்தை பாதி வாழ்க்கையை மலைமேல் ஏலத்தோட்டத்தில் கழித்தவள். மழைநாளில் காய் எடுக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியம் பார்த்துக் கீழே கொண்டுவந்தோம். கட்டிலிலிருந்து கம்பைப் பிடித்துக்கொண்டு தெருவாசல் வரைக்கும் நடப்பாள், அவ்வளவுதான். மலைமேல் இருந்த காலமெல்லாம், கீழே இறங்கினால் போடிக் கொட்டகைகளில் ஓடுகிற படத்தையெல்லாம் பார்த்துத் தீர்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இறங்கியபோது நடக்கக் கால் இல்லை. குதிரைவண்டி ஏறி உட்கார இடுப்பு ஒத்துக்கொள்ளாது. அவள் பார்க்க முடிந்த சினிமா வருஷத்துக்கு ஒன்று. எங்கள் வீடு கரண்டுக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் கட்டிலை வாசலில் போட்டால் திரை நன்றாகத் தெரியும். முதுகுப் பக்கம்.

"கட்டிலோட தூக்கி அங்கிட்டு வச்சிருவோம் ஆத்தா, நாலு பேர் போதும்" என்று மச்சான் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போனா அதுக்கு வேற பேருடா. அன்னைக்குத் தூக்கு, வேணாங்கல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் வேட்டி போன வருஷம் போட்ட படத்தில் கதாநாயகன் நெடுநாள் கழித்து வீட்டுக்கு வருவான். அவனைப் பெற்றவள் அழுதுகொண்டே சோறு போடுவாள். அவன் அழுதுகொண்டே சாப்பிடுவான். மேல்கோடி முழுக்க மூக்கைச் சிந்தியது. எங்கள் வாசலில் அத்தை கட்டிலைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

"பெத்தவ போட்ட சோத்தைப் பீச்சாங்கையால திங்கிறான் பாரு. வெளங்குவானா இவன்?"

"அத்தே, அது வலது கைதான். நாம பின்னாடி இருந்து பாக்குறோம். அதான் மாறித் தெரியுது."

"நீ சும்மா கெட மாப்ளே. கண்ணு எனக்கும் இருக்கு."

அந்த வருஷம் முழுக்க அத்தை அந்தக் கதாநாயகனை வைதுகொண்டே இருந்தாள். யாராவது பெற்றவர்களைக் கவனிக்கவில்லை என்று பேச்சு வந்தால், "அவனை மாதிரி" என்பாள். எவனை என்று தெருவுக்கே தெரியும்.

நியாயமாகப் பார்த்தால் மச்சான் தன் தாய்க்காக ஒரு வருஷம் விட்டுக்கொடுத்திருக்கலாம். ஜாடையாக அதைச் சொல்லியும் பார்த்தேன். என் மனைவி அதை அப்படியே அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தா மாப்ளே. எம் மகன் விட்டுக்குடுத்து நீ ஜெயிச்சேன்னு தெரிஞ்சுச்சு, அந்தப் படத்தைப் பாக்க மாட்டேன். கதவைச் சாத்திப் படுத்துருவேன். எனக்கு நேராப் படம் காட்டணும்னா நேரா இழு."

இப்படி என் தலையில் ஒரு கடமை வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் காலையில் தண்டால் எடுக்கத் தொடங்கினேன். ஆறாவது தண்டாலில் மனைவி வந்து, கீழே ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டாள். நிறுத்திவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. வழக்கமாகப் பூசைக்கு மறுநாள்தான் போட்டியும் படமும். ஆனால் அன்று மத்தியானமே ஆபரேட்டர் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். மறுநாள் அவர் பக்கத்து ஊரான தேவாரத்தில் படம் போட வேண்டுமாம். இன்றைக்கே போட்டுவிட்டு ராத்திரியே கிளம்ப வேண்டும் என்றார். சரி, இன்றைக்கே போட்டி என்று இரண்டு கோடியும் சேர்ந்து முடிவு செய்தோம். பிறகுதான் அடுத்த செய்தியைச் சொன்னார்.

"மதுரையில வேற பெட்டி கிடைக்கலண்ணே. போன வருஷப் படந்தான் கொண்டாந்திருக்கேன்."

மேல்கோடியில் முகங்கள் தொங்கிப்போயின. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வருத்தம் இல்லை. நாங்கள்தான் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவே இல்லையே, முதுகைத்தானே பார்த்தோம்.

மச்சான் பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"மாப்ளே, பாத்த படந்தானே. இந்த வருஷம் போட்டி கீட்டி வேணாம். மூஞ்சியை நீங்களே வச்சுக்கங்க. உங்க வேட்டிக்கும் நல்லது."

எனக்குச் சொர்க்கமே வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருடா அது பிச்சை போட வந்தது?"

"நாந்தான் ஆத்தா."

"எங்களுக்குப் பிச்சை வேணாம். கயித்தைக் கொண்டா. வெரசாக் கொண்டா."

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் கயிறு எடுக்கப் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து தெரு நடுவில் நின்றார்.

"மாப்ளே, கயிறு இல்ல."

"ஜீப்புக்கு ஒரு லோடு கயிறு வச்சிருக்கீக. இல்லேன்னா என்ன அர்த்தம்?"

"இருக்கு. பூசையில இருக்கு."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. எந்த ஊரிலும் யாரும் செய்யாத காரியத்தை இரண்டு கோடியும் ஒருமனதாகச் செய்திருந்தோம். ஆயுதங்களையெல்லாம் கும்பிட்டு வைத்துவிட்ட நாளில் கயிறு இழுப்புக்கு நாள் குறித்திருந்தோம். பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூசை செய்த பிறகுதான் எடுக்க வேண்டும். மேல்கோடிக்குப் போய்ப் பார்த்தோம். ஜீப்புகள் வரிசையாக வாழைக்கன்றும் மாலையுமாக நின்றன. ஒவ்வொன்றின் பானெட்டிலும் லோடு கயிறு பாம்புபோலச் சுருண்டு, தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் கிட்டங்கியிலோ தராசு, சல்லடை, கோணி ஊசி, சணல் எல்லாம் பொட்டு வைத்துப் பூட்டியாகிவிட்டது. தெருக் கிணற்றுக்குப் போனோம். உருளைக்கும் பொட்டு, வாளிக்கும் பொட்டு, கயிற்றுக்கு நீளமாக மூன்று பொட்டு. என் மனைவி வைத்ததுதான். அவள் எதையும் விட்டுவைக்கிறவள் இல்லை. காலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கும் வைத்திருப்பாள். ஆயுதம் என்று நினைத்து அல்ல, ஏதோ தட்டுமுட்டுச் சாமான் என்று.

கடைவீதிக்கு ஓடினோம். கயிற்றுக்கடையைச் சாத்தி, கதவில் சூலம் வரைந்திருந்தார்கள்.

இரண்டு கோடியும் திரைக்கு அடியில் கூடி நின்றோம். ராசிங்காபுரத்திலிருந்து தினம் பால் கொண்டுவருகிற பால்காரர்தான் எப்போதும் எங்களுக்கு நடுவர். இரண்டு கோடியிலும் பால் ஊற்றுகிறவர் என்பதால் யார் பக்கமும் சாய முடியாதவர். அவரிடம் கேட்டோம்.

"அண்ணே, உங்க மாட்டுக் கயிறு?"

"மாட்டைக் கட்டுற கயித்துல மனுசன இழுத்தா அந்துபோகும். அந்துபோனா மாடு ஓடிப்போகும். மாடு ஓடிப்போனா நாளைக்கு வரக்காப்பிதான். சம்மதமா?"

யாருக்கும் சம்மதம் இல்லை.

"அப்பப் போட்டி இல்ல" என்றார் மச்சான். "நாங்க விட்டுக்குடுத்ததாவே இருக்கட்டும்."

நான் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கட்டிலை அப்போதுதான் வாசலுக்கு நகர்த்திப் போட்டிருந்தார்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலைசீவி நல்ல சேலை கட்டிக்கொண்டு, கொட்டகைக்குக் கிளம்பினவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். போட்டி இல்லை என்றால் அவள் கதவைச் சாத்திவிடுவாள். அதில் சந்தேகமே கிடையாது. அப்புறம் இந்தப் படம் இந்தத் தெருவுக்குத் திரும்பி வரப்போவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வேணும்னா என் வேட்டியைத் தர்றேன். போன வருஷமே போட்டியில கலந்துக்கிட்ட அனுபவம் அதுக்கு இருக்கு."

கூட்டம் சிரித்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒத்த வேட்டி எதுக்காகும்? சேலையை முறுக்குனா கயிறுதானே. சேலைக்கு யாரு பொட்டு வச்சா?"

கிட்டங்கியில் காய் பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கயிறு இழுப்பில் அதுவரைக்கும் அவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற வேலை மட்டும்தான். பால்காரர் கையைத் தூக்கி அடக்கிவிட்டு யோசித்துச் சொன்னார்.

"ஒரு பக்கத்துச் சேலையை மட்டும் போட்டா நாளைக்கு வழக்கு வரும். பாதிக் கயிறு உங்களுது, பாதிக் கயிறு அவுகளுது. அவுகவுக பக்கத்துக்கு அவுகவுக சேலை. நடுவுல கோத்துக்கிறுவோம். பொழுது போறதுக்குள்ள முடிங்க."

இந்தத் தீர்ப்பில் எந்தப் பக்கத்துக்கும் ஆட்சேபணை இல்லை. மச்சான் உற்சாகமாகிவிட்டார்.

"கிழிசல் கந்தலைக் கொண்டாந்து மானத்தை வாங்காதீக. நல்லதாக் கொண்டாங்க. நைலக்ஸ் இருக்குல்ல? அதைக் கொண்டாங்க. ஜென்மத்துக்கும் கிழியாது."

மேல்கோடியில் ரொக்கம் புழங்குகிற வீடுகள். அந்தக் காலத்தில் நைலக்ஸ் சேலை என்பது பெரிய அந்தஸ்து. கசங்காது, சாயம் போகாது, நனைத்து உதறினால் காய்ந்துவிடும். ஊதாவும் ரோஸும் கிளிப்பச்சையுமாகச் சேலைகள் வந்து குவிந்தன. முறுக்கியபோது வானவில்லைப் பிழிந்ததுபோல இருந்தது. எங்கள் பக்கம் வந்ததெல்லாம் சாயம் வெளுத்த நூல் சேலை. சுங்கிடி, வேலைக்குக் கட்டுகிற கண்டாங்கி. ஏலக்காய்த் தூசி ஏறி ஏறி, எத்தனை வெளுப்புக்கும் போகாத வாசனை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்ன மாப்ளே, கயிறு திரிக்கிறீகளா, பாயசம் வைக்கிறீகளா?"

எனக்கு வேலை இருந்தது. மூட்டைக்குச் சணல் திரிக்கிறதுபோல மூன்று மூன்று சேலையாகச் சேர்த்து, நான் ஒரு நுனியில் நிற்க, பெண்கள் மறுநுனியில் முறுக்கினார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக என் தொழில் பலபேர் பார்க்க நடந்தது. இடுப்பில் சுற்றுகிற கடைசித் துண்டுக்கு மட்டும் சேலை போதவில்லை. அத்தை தலையணைக்கு அடியிலிருந்து ஒன்றை உருவி என்மேல் எறிந்தாள். தோட்டத்தில் காய் எடுக்கும்போது மடி கட்டுகிற அவளுடைய பழைய சேலை.

"இந்தா. எத்தனை தூக்குக் காயைத் தாங்குன சேலை இது. உன்னைத் தாங்காதா? உன் கனம் என்ன கனம்."

மாமியார் சேலையை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் தெருவில் இறங்கியபோது மேல்கோடியில் எழுந்த ஆரவாரத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. மச்சான் தன் தாயிடமே கேட்டார்.

"ஆத்தா, மருமகனுக்கு வளையலும் குடுத்து விடலாம்ல?"

"முதல்ல நீ இழுடா. வளையல் யாருக்குன்னு பெறகு பாப்போம்."

இரண்டு கயிறுகளையும் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்து, அந்த இடத்தில் பால்காரர் தன் சிவப்புத் துண்டைக் கட்டினார். திரை கட்டிய இடத்துக்கு நேர்கீழே தரையில் சுண்ணாம்புக் கோடு. துண்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். ஒரே இழுப்பு. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பால்காரர் விசிலடித்தார்.

முதல் இழுப்பிலேயே நாங்கள் தேர்போல நகர்ந்தோம். அவர்கள் பக்கமாக. ஜீப்புக்காரர்கள் ஐலசா போட்டு ஒவ்வொரு அடியாக எங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரின் முதுகும் என்னை விட்டு விலகுவதும், பிறகு அத்தையின் சேலை என்னைக் கொத்தாகப் பிடித்து அவர்கள் பின்னால் கொண்டு சேர்ப்பதுமாக இருந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றினேன். தரை என்னோடு சேர்ந்து வந்தது. சிவப்புத் துண்டு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நகரத் தொடங்கிவிட்டது. பால்காரர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார். நான் வேட்டியைப் பற்றி நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போது சாரல் விழுந்தது.

மெட்டுப் பக்கமிருந்து இறங்குகிற ஐப்பசிச் சாரல், சல்லடையில் சலித்ததுபோலச் சன்னமாக. எங்கள் நூல் சேலை அதைக் குடித்துக் கனத்து, கைக்குள் இறுகிக்கொண்டது. பிடித்த பிடி அப்படியே நின்றது. எதிர்ப்பக்கம் ஐலசாவில் ஏதோ தப்பியது. "ஐல" என்று கேட்டது, "சா" வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மச்சான் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைலக்ஸ் கிழியவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை, ஜென்மத்துக்கும் கிழியாது. ஆனால் ஈரம் பட்டதும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற பிள்ளை நழுவுகிறதுபோல அவர்கள் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. அவர்கள் இழுத்தார்கள், கை வந்தது, கயிறு வரவில்லை. ஒருவர் கையில் சுற்றிப் பிடித்தார். சுற்றும் சேர்ந்து உருவியது.

"விடாதீக. விட்டா என் புதுச்சேலை போச்சு" என்று மேல்கோடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். தன் கட்சி தோற்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

எங்கள் பக்கம் பெண்கள் கிட்டங்கியில் மூட்டை ஏற்றும்போது போடுகிற குரலைப் போட்டார்கள். ஏத்து, எடு. ஏத்து, எடு. எங்கள் கால்களுக்குத் தெரிந்த குரல் அது. தினம் அந்தக் குரலுக்குத்தான் நடக்கிறோம். துண்டு திரும்பிக் கோட்டுக்கு வந்தது. கோட்டில் ஆடியது. வாசலில் அத்தை கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, சோத்தைத் தின்ன கைதானே அது? இழு."

இழுத்தேன். எல்லோரும் இழுத்தோம். அந்த நொடியில் எதிர்ப்பக்கத்து ஊதாவும் ரோஸும் மொத்தமாக ஏழு பேர் கையை விட்டும், கடைசி ஆளின் இடுப்பை விட்டும் உருவிக்கொண்டு வந்தன. எதிர்ப்பாரம் இல்லாமல் போனதும் எங்கள் அணி அப்படியே பின்னால் சாய்ந்தது. எனக்குப் பின்னால் தெருச் சாக்கடை. அதில் முதலில் நான் விழுந்தேன். என்மேல் எங்கள் அணியின் ஆறு பேரும் வரிசை கலையாமல் விழுந்தார்கள்.

எங்கள் கோடி கண்ட முதல் வெற்றியை நான் பார்க்கவில்லை. விசில் சத்தம் கேட்டது, கைதட்டல் கேட்டது, யாரோ ஒருவருடைய முழங்கை என் வாய்க்குள் இருந்தது. என்னைத் தூக்கி நிறுத்தியபோது முதலில் கையை இடுப்பில் வைத்துப் பார்த்தேன். வேட்டி இருந்தது. அத்தையின் சேலைக்கு உள்ளே, ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தது. இதையும் யாரும் சொல்வதில்லை.

மச்சான் வந்து, சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அவர் கை இன்னும் வழுவழுவென்று இருந்தது.

"விட்டுக்குடுக்கல மாப்ளே. ஆத்தாகிட்டச் சொல்லிருங்க."

"அவுகளே பாத்துக்கிட்டுத்தான் இருந்தாக மச்சான்."

சாரல் நின்றது. ஆபரேட்டர் புரொஜெக்டரை எங்கள் பக்கம் கொண்டுவந்து, எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார். எங்கள் தெருக்காரர்கள் பாயையும் சாக்கையும் விரித்துக்கொண்டு, கொட்டகையில் உசத்தியான டிக்கெட் எடுத்தவர்கள் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்கள். நான் குளித்துவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தேன். குளித்தும் வாசனை போகவில்லை என்று மனைவி தள்ளி உட்கார்ந்தாள். வெற்றி பெற்றவனுக்கு அது ஒரு பொருட்டில்லை.

படம் தொடங்கியது. எழுத்துக்கள் வரிசையாக வந்தன. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கடைசி எழுத்து வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "நேராத்தான் இருக்கு" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் ஜீப்புக்காரர்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. படம் இருண்டபோதெல்லாம் பீடி முனைகள் துணி வழியாக மினுங்கின. பஸ்சு வந்தபோது ரோட்டுக்கு இடது பக்கமாக வந்தது. எங்கள் ஆட்கள் அதற்குக்கூடக் கைதட்டினார்கள்.

பாதிப் படத்தில் அந்தக் காட்சி வந்தது. கதாநாயகன் வீட்டுக்கு வந்தான். பெற்றவள் இலை போட்டாள். சோறு போட்டாள். திரையை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அத்தையைத்தான் பார்த்தார்கள். கதாநாயகன் கையை எடுத்தான். வலது கை. பிசைந்தான், உருட்டினான், அழுதுகொண்டே வாயில் வைத்தான்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல பிள்ளையாத்தான் இருக்கான். ஒரு வருஷமா அவனை வைஞ்சு தீத்துட்டேன்."

பிறகு கம்பை ஊன்றி நிமிர்ந்து, திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏலேய், அங்கிட்டுத்தானே இருக்கே?"

"இருக்கேன் ஆத்தா" என்றது திரை, மச்சானின் குரலில்.

"அங்கிட்டு எந்தக் கையால திங்கிறான்?"

கொஞ்சம் தயங்கிப் பதில் வந்தது.

"பீச்சாங்கையாலதான் ஆத்தா."

அத்தை தலையணையில் சாய்ந்துகொண்டாள். பொரிகடலையில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இங்கிட்டு சோத்தாங்கைடா."